பஸ் மாறுகிற ஊர்



போன வாரம் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் நாலைந்து படங்கள் அனுப்பியிருந்தார். மார்பூர்க் என்று ஒரு சின்ன ஊர். நடுவில் குன்று, குன்றின் மேல் கோட்டை, சுற்றிலும் சரிவில் வீடுகள், கீழே ஒரு ஆறு. 1527இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இன்னும் நடக்கிறதாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நம்ம பக்கம் இந்த மாதிரி ஒரு ஊர் இல்லையே சார்."

நான் பதில் போட்டேன்: "இருக்குது கண்ணு. நீ காலேஜுக்குப் போக பஸ் மாறுவியே, அந்த ஊர்தான்."

சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நாமக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நம் கொல்லிமலைக்காரர்களுக்கு நாமக்கல் என்றால் ஆபீஸ் வேலை, பெரிய ஆஸ்பத்திரி, தீபாவளி ஜவுளி, பஸ் மாறுவது. செம்மேட்டில் ஏறினால் சோளக்காடு, அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவு, காரவள்ளி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம், நாமக்கல். இறங்கியதும் அடுத்த பஸ்ஸைத்தான் தேடுவோம். தலைக்கு மேலே நிற்கும் அந்தப் பாறையை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்த நானும் அப்படித்தான் இருந்தேன்.

அது ஒரே பாறை. ஏறத்தாழ 200 அடி உயரம். ஊருக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். கல்வெட்டுகளில் பழைய பெயர் திருவாரைக்கல். பிறகு நாமகிரி, நாமக்கல். எப்படிச் சொன்னாலும் பெயரில் ஒரு கல்லோ கிரியோ இருக்கிறது. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை என்று கோட்டையால் பெயர் பெற்ற ஊர்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. ஜெர்மனியிலும் பூர்க் என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் ஏராளம். பூர்க் என்றால் அவர்கள் மொழியில் கோட்டை. நாமக்கல்லில் கோட்டை இருந்தும் பெயர் கோட்டையைச் சொல்லவில்லை, கல்லைச் சொல்கிறது. கோட்டை வருவதற்கு ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாறையில் உளி விழுந்துவிட்டது என்பதை நினைத்தால் இது பொருத்தமாகவே படுகிறது.

பாறையின் மேற்குப் பக்கம் நரசிம்மர் குடைவரை, கிழக்குப் பக்கம் ரங்கநாதர் குடைவரை. இரண்டும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கட்டியவை அல்ல, குடைந்தவை. தூணும் சுவரும் சிற்பமும் எல்லாம் அதே பாறைதான். நரசிம்மர் குகைக்குள் இரணியனைப் பிளக்கும் நரசிம்மரையும், வராகரையும், காலைத் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமரையும் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கிழக்கே ரங்கநாதர் படுத்திருப்பது கார்க்கோடகன் என்ற பாம்பின் மேல். ஸ்ரீரங்கத்தில் ஆதிசேஷன், இங்கே கார்க்கோடகன். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

அந்த ரங்கநாதர் குடைவரையில் கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் அந்தக் கோயிலின் பெயர் அதியேந்திர விஷ்ணு கிருகம். குடைவித்தவன் அதிய குலத்து மன்னன் குணசீலன். அதியர் என்றவுடன் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி. அதே குலப் பெயர்தான்.

இங்கே நம் மலையும் கதைக்குள் வருகிறது. சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. செம்மேட்டில் சிலையாக நிற்பவன். ஆடி 17, 18இல் நாம் விழா எடுக்கிறோமே, அவன்தான். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அந்தச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே இரும்பொறைதான் பிறகு அதியமானின் தகடூரையும் அழித்தான். தகடூர் எறிந்த என்பது அவனுக்கு அடைமொழியாகவே நிலைத்துவிட்டது. ஆக, ஓரி இறந்து மலை சேரன் கைக்குப் போனது. அதியமான் தோற்று ஊர் போனது. பல நூற்றாண்டு கழித்துத் தோற்றவன் குலப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து நம் மலையடிவாரத்துப் பாறையில் கோயில் குடைந்திருக்கிறான். வென்ற இரும்பொறையின் பெயரை அந்தப் பாறையில் காணோம். தோற்றவர் பெயர் 1,200 ஆண்டுகளாக இருக்கிறது.

இனி கோட்டை. அது வந்தது நாயக்கர் காலத்தில்தான், 17ஆம் நூற்றாண்டு என்பார்கள். கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் செய்தி. நம் பஸ் டீக்கு நிற்கிற அந்தச் சேந்தமங்கலம்தான் அன்று பாளையத்தின் தலைநகர். சிலர் திப்பு சுல்தான் கட்டியது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். திப்புவுக்கு முன்பே கோட்டை இருந்தது. அவருடைய தகப்பனார் ஹைதர் அலி காலத்திலேயே அதற்காகச் சண்டை நடந்திருக்கிறது.

மேலே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சியில் சமதளம் மொத்தம் ஒன்றரை ஏக்கர்தான். நம் பள்ளி விளையாட்டு மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைச் சுற்றி மதில், மதிலில் துப்பாக்கி நீட்டத் துளைகள். உள்ளே ஒரு பெருமாள் கோயில், ஒரு தர்கா. ஒரு ஊரே உள்ளே போய் ஒளிந்துகொள்ள இடமில்லை. கொஞ்சம் காவலர், கொஞ்சம் தானியம், கொஞ்சம் மருந்து, வசூலான பணம் இவ்வளவுதான் அங்கே பத்திரமாக இருக்க முடியும். ஜனங்கள் எப்போதும் கீழேதான் இருந்தார்கள். படை வந்தால் கோட்டை கதவைச் சாத்திக்கொள்ளும். கீழே இருப்பவன் கதவு யார் காலுக்கும் திறக்கும்.

படை வந்தது 1768இல். முதலாம் மைசூர்ப் போர். கம்பெனிப் படையின் கர்னல் உட் வரிசையாகக் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார், நாமக்கல்லும் விழுந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் அலி திரும்பி வந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டார். ஒரே ஆண்டில் இரண்டு முறை கை மாறியது. பிறகு 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு தோற்று, பாராமகாலையும் சேலத்துப் பகுதியையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நாமக்கல்லும் அதோடு சேர்ந்து போனது. இந்தக் கடைசி முறை மைசூரில் காகிதத்தில் கையெழுத்தானது, இங்கே பாறை மேல் கொடி மாறியது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீட் வந்தார், நிலத்தை அளக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கோட்டைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

கோட்டை ஓய்வு பெற்ற பிறகு ஊர் என்ன செய்தது? அங்கேதான் இந்த ஊரின் குணம் தெரிகிறது.

பாறையடியில் இருக்கிற நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் 1887இல் ஈரோட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் ராமானுஜன். தன் கணக்குகளுக்கு நாமகிரித் தாயாரின் அருளே காரணம் என்று கடைசி வரை சொன்னவர். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் இந்தக் கோயிலில் வந்து தங்கி உத்தரவு கேட்டுப் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்று: உங்களில் பலர் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் அதே தாயாரிடம் போய் நின்றிருக்கிறீர்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறியது, அதை இங்கே எழுத வேண்டாம்.

மோகனூரில் 1888இல் பிறந்து இந்த ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர் வெ. ராமலிங்கம் பிள்ளை. ஓவியராகத்தான் பிழைப்பைத் தொடங்கினார். 1930இல் வேதாரணியம் உப்பு யாத்திரைத் தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்தது அவருடைய பாட்டு. ஆயுதம் இல்லாத போரைப் பற்றிய பாட்டை, கோட்டை நிழலில் இருந்த ஒருவர் எழுதினார். நாடு விடுதலை பெற்றபின் அவரை அரசவைக் கவிஞர் ஆக்கினார்கள். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நூலகமாக இருக்கிறது. வாசலைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறோம். ஒருநாள் உள்ளே போய் உட்காருங்கள்.

அப்புறம் லாரி. இந்தச் சுற்றுப்புறம் மானாவாரிக் காடு, மழை ஏமாற்றுகிற மண். நிலத்தை நம்பி முடியாது என்று கண்டுகொண்டவர்கள், கூட்டுச் சேர்ந்து பணம் போட்டு ஒரு லாரி வாங்கினார்கள். லாரிக்குப் பாடி கட்ட ஆசாரிகள் வேண்டும், கொல்லர்கள் வேண்டும், பெயிண்டர் வேண்டும். வெறும் சேஸிஸாகத் தார்ப்பாய்கூட இல்லாமல் வருகிற வண்டி, மரமும் தகடும் வர்ணமும் ஏறி, கண்ணேறு படாமல் இருக்க ஒரு கறுப்புக் கயிறும் கட்டிக்கொண்டு, காஷ்மீர் வரை போகிறது. கேஸ் டேங்கர், டிரெய்லர் என்று அந்தத் தொழில் இப்போது எங்கேயோ போய்விட்டது.

கோழியும் அப்படித்தான். 1985இல் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989இல் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தார்கள், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை போடுகிற நாளில் நம் பள்ளி வருகைப் பதிவேடு எப்படி நிரம்பியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று நாமக்கல் முட்டை விலை என்ன என்று தமிழ்நாடே தினமும் காலையில் கேட்கிறது.

1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். 2013இல் சேலம் கரூர் ரயில். 2024இல் மாநகராட்சி. இவற்றில் எதற்கும் கோட்டை காரணம் இல்லை. கோட்டை மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மார்பூர்க்கிலும் கோட்டையை ஆண்ட பிரபுக்கள் போய்விட்டார்கள், பல்கலைக்கழகம் நிற்கிறது. எந்த ஊராக இருந்தாலும் கீழே இருப்பவர்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதுதான் கடைசியில் நிலைக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

1991 என்று நினைவு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாமக்கல்லுக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். முப்பத்திரண்டு பேர். ஆஞ்சநேயரைப் பார்த்தோம். 18 அடி உயரம், மேலே கூரை இல்லை, எதிரே நரசிம்மரைக் கும்பிட்டபடி வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர். பிறகு பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். மேலே போனதும் மற்ற பிள்ளைகள் மதிலோரம் ஓடினார்கள். ஒரு பையன் மட்டும் வடகிழக்குப் பக்கம் துப்பாக்கித் துளை ஒன்றில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"சார், இந்தத் தொளை வழியாப் பாத்தா நம்ம மலை தெரியுதுங்க. அப்போ இந்தக் கோட்டை நம்மளப் பாக்குறதுக்குக் கட்டினதுங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பாடத்துல இல்ல. வெயில் ஏறுது, எல்லாரையும் இறங்கச் சொல்லு."

எனக்குப் பதில் தெரியாது, அதுதான் உண்மை. ஆசிரியர் பயிற்சியில் பிரெஞ்சுப் புரட்சி படித்தேன், பிளாசிப் போர் படித்தேன். நான் தினம் கடக்கிற பாறையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் தேடவில்லை. தெரியாது என்று சொல்ல அன்று கூச்சம். அந்தக் கூச்சத்தை அதட்டலாக மாற்றிவிட்டேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டில் கஷ்டம். ஆனாலும் ஒரு ஆசிரியனுக்கு மறக்கிற விஷயமா இது?

ஓய்வு பெற்ற பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

தம்பி, அந்தக் கோட்டை முக்கியமாகப் பார்த்தது சமவெளியை. பாளையக்காரருக்கு வருமானம் வயலிலும் வழியிலும் இருந்தது. வண்டிப் பாதையும் விளைச்சலும் தெரிகிற இடத்தில் கோட்டை கட்டினார். நம் மலையில் அரியூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகள் இருந்தன, அவற்றுக்குப் பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் இருந்தார்கள். வழக்கு அங்கேயே தீர்ந்தது. ஓரிக்கும் பாட்டில் புகழ் இருக்கிறதே தவிர, நம் மலையில் அவன் கட்டிய மதில் என்று ஒன்றைக் காட்ட முடியாது. மலையே அரணாக நின்றது. ஆனால் துளை வழியே நீ பார்த்தது பொய் இல்லை. கோட்டை கட்டுகிறவன் நாலு பக்கமும்தான் துளை வைப்பான். நம் பக்கமும் ஒருவன் கண் இருந்திருக்கும். நீ கேட்டது வரலாற்று ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி. யார் கட்டினார் என்று எல்லோரும் கேட்பார்கள். யாரைப் பார்க்கக் கட்டினார் என்று நீ கேட்டாய்.

இந்தப் பதிலை அவனிடமே சொல்லிவிட்டேன். ஜெர்மனிப் படங்கள் வந்த மூன்றாம் நாள் நாமக்கல் போனேன். அவன் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். தலை நரைத்திருக்கிறது. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் 1991ஐச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பதிலையும் சொன்னேன்.

அவனுக்குக் கேள்வி நினைவில்லை! அதட்டினதும் நினைவில்லையாம். அல்லது எனக்காக அப்படிச் சொன்னானோ, தெரியவில்லை. டீ வாங்கிவரச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தொளை எந்தப் பக்கங்க சார்? எம் பொண்ணு பத்தாவது படிக்குது. ஞாயித்துக்கிழம கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். வடகிழக்கு மூலை என்று ஒரு அட்டையில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முழங்கால் விட்டால் நானும் ஏறியிருப்பேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். நாமக்கல்லில் பஸ் மாறும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். மதிலில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே காதலர்கள் நிறையப் பேர் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். குணசீலன் தன் பெயரை எழுதியதற்கு ஒரு கோயில் குடைந்து கொடுத்தான், நாம் என்ன கொடுத்தோம்?

மூன்றாவது, பிள்ளைகள் ஏதாவது கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியல கண்ணு, தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் தாமதித்தேன். நீங்கள் அந்த வார இறுதிக்குள் சொல்லிவிடுங்கள்.

ஜெர்மனித் தம்பிக்கு: அடுத்த விடுமுறைக்கு வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து போவோம். நீ மேலே ஏறு. நான் கமலாலயக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
கொல்லிமலை